வர வேண்டாம் என்றாய், வரவில்லை

அன்புள்ள அக்கா,

இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. நடுவில் நீ "சரி, விடு" என்பாய். பேச்சு முடிந்தது என்று நினைத்து நானும் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் உனக்கு ஆபரேஷன் நடந்தபோது, "நீ எதுக்கு அலையணும், வர வேண்டாம், நாங்க பார்த்துக்கிறோம்" என்றாய். நான் வரவில்லை. மூன்று நாளும் யார் கதவைத் திறந்தாலும் நான்தானோ என்று நீ திரும்பிப் பார்த்தது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும், அதுவும் மாமா சொல்லி. "அவனுக்கு மனசே இல்லை" என்று நீ அழுததையும் சொன்னார்.

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மாமாவிடம் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு மாத்திரையைப் பற்றியும் படித்தேன். எது வெறும் வயிற்றில், எது சாப்பிட்ட பிறகு, எதை எதோடு சேர்த்துப் போடக்கூடாது என்று பார்த்து ஒரு தாளில் கட்டம் போட்டேன். காலைக்கு மஞ்சள், இரவுக்கு நீலம். படுத்தபடியே படிக்கும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒரு மாத்திரையின் நேரம் மட்டும் சந்தேகமாக இருந்ததால் அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. அந்தத் தாளை நீ பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டாயாம். உனக்கு அது, வர வேண்டிய ஆள் வராமல் அனுப்பிய காகிதம். எனக்கு அது, உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

வலித்தது உனக்குத்தான். அந்த வலியைச் சின்னதாக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் மனசு இல்லை என்று மட்டும் சொல்லாதே அக்கா.

எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு நீ நிறையப் படித்தாய். அதில் பாதி, எங்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்ற பழைய பேச்சு. குறை முழுக்க எங்கள் பக்கம் என்றே ரொம்ப காலம் எழுதினார்கள். 2012-ல் டேமியன் மில்ட்டன் என்ற ஆய்வாளர் அதைத் திருப்பிக் கேட்டார்: எங்களை உங்களுக்குப் புரிகிறதா? புரியாமை இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது, ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை என்பது அவர் வாதம். அவருக்கே ஆட்டிசம் உண்டு. ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பாவும் கூட. வீட்டுக்குள் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் என்பதால் எனக்கு அவர் சொல் மேல் தனி மரியாதை.

அப்புறம் எடின்பரோவில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2020-ல் வெளியானது. எட்டு எட்டுப் பேராக வரிசை அமைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எல்லோருமே ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசைகளில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசைகளில் போலவே நன்றாகக் கடைசி வரை போனது. இரண்டு விதமானவர்களையும் கலந்த வரிசைகளில்தான் அதிகம் தொலைந்தது. நீயும் நானும் சின்ன வயதிலிருந்தே அந்தக் கலந்த வரிசையில்தான் இருக்கிறோம்.

என் பக்கத்துத் தப்புகளையும் சொல்ல வேண்டும். அப்பாவின் புத்தகங்களை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாய். நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் சொல்லும் "உன் இஷ்டம்" சம்மதம் இல்லை, "எப்படியடா உன்னால் முடியும்" என்ற கேள்வி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தானாகத் தெரியவும் இல்லை. அந்தப் புத்தகங்களை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது. வேலையில் நடந்ததைச் சொல்லி நீ அழும்போதெல்லாம் வழி சொல்லத் தொடங்கிவிடுகிறேன். நீ அழுவது எனக்குத் தாங்காது, சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்ற பதற்றம். இனி முதலில் கேட்கிறேன்: வழி வேண்டுமா, கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?

நீயும் ஒன்று செய். "முகத்தைப் பார்த்துப் பேசு" என்று சொல்லாதே. உன் கண்ணைப் பார்த்தால் உன் வார்த்தைகள் எனக்குக் கேட்காமல் போகின்றன. தரையைப் பார்க்கும்போதுதான் முழுசாகக் கேட்கிறேன்.

கடிதமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசுவதைச் சில நொடிகள் பார்த்தவர்களுக்கும், குரலை மட்டும் கேட்டவர்களுக்கும், ஆட்டிசம் இல்லாதவர்களைப் பிடித்த அளவுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. அதே பேச்சை எழுத்தில் படித்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. என் குரலும் முகமும் இல்லாமல் ஒரு தடவையாவது நீ என்னைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி செக்கப் என்றாய். வர வேண்டாம் என்றும் சொன்னாய். எனக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது, காலை ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். அலமாரியில் இருக்கும் அந்தத் தாளையும் எடுத்து வை. இப்போது மாத்திரைகள் மாறியிருக்கும், புதிதாகப் போட்டுத் தருகிறேன்.

உன் தம்பி