ஆறு பழைய கைபேசிகளுக்கு நன்றி

அல்சூர், பெங்களூரு

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களுக்கு, வணக்கம்.

மதிப்பெண் பட்டியல்களை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, உயிரியல் வகுப்பின் பீரோவைக் கோடை விடுமுறைக்குப் பூட்டும் முன் இந்த மடலை எழுதுகிறேன். பீரோவின் நடுத்தட்டில் ஆறு பழைய கைபேசிகள், எட்டுத் தாள் நுண்ணோக்கிகள், ஒட்டுப்பலகையில் அறுத்துச் செய்த மூன்று தாங்கிகள், பாதி தீர்ந்த நகப்பூச்சுக் குப்பி ஒன்று, மூடி இறுகிய சுண்ணாம்பு டப்பா ஒன்று ஆகியவை இருக்கின்றன. இவற்றில் எதுவும் பள்ளிப் பணத்தில் வாங்கியதன்று. நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் “இதுக்குப் போய் எதுக்கு மிஸ்” என்று நீங்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவர்க்குத் தம்மைத் தெரியும்.

எங்கிருந்து தொடங்கினோம் என்பதைச் சொன்னால்தான் நீங்கள் செய்த உதவியின் அளவு விளங்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குத் திரைப்பலகையும் அதனோடு அசைபடங்களும் வந்தன. திரையில் இதயம் துடித்தது, செல் இரண்டாகப் பிரிந்தது, இலைக்குள் பசுங்கணிகங்கள் மிதந்தன. பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியை நான் கவனம் என்று எடுத்துக்கொண்டேன். தேர்வில் செல்லைப் பற்றிச் சொந்த நடையில் எழுதச் சொன்னபோது, செல் கால்பந்து அளவில் இருக்கும் என்றும், அதன் உட்கரு ஊதா நிறமானது என்றும் பலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள். திரையில் கால்பந்து அளவில்தான் செல் இருந்தது, உட்கருவுக்கு ஊதாதான் பூசியிருந்தார்கள். பாடத்தில் அவர்கள் கைபடும் இடம் ஒன்றுகூட இல்லாமல் நடத்தியிருக்கிறேன் என்று அன்றிரவு விடைத்தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் தங்கைக்கு முதல் நன்றி. உங்கள் அக்கா மகளைக் கூட்டிப்போக வந்த நாளில் பின்வரிசையில் அமர்ந்து வகுப்பைப் பார்த்துவிட்டு, “மேடம், இதுல பசங்க செய்யறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் இல்லை. அடுத்த மாதமே உங்கள் அலுவலகத் தோழர்களிடம் மேசை அறைகளில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு கைபேசிகளைச் சேகரித்து, பழைய தகவல்களை முற்றிலும் அழித்து, சிம் இல்லாமல், கேமராவும் இரண்டு மூன்று செயலிகளும் மட்டும் இயங்கும்படி அமைத்துக் கொண்டுவந்தீர்கள். பிள்ளைகளின் பெயரில் எந்தக் கணக்கும் தொடங்கக் கூடாது, அவர்கள் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது என்று நீங்கள் வைத்த விதியை ஓராண்டாக ஒருநாளும் மீறவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை எனக்கு எடுத்துச் சொன்னவரும் நீங்கள்தான்.

அந்தக் கைபேசிகளோடு நீங்கள் கொண்டுவந்த தாள் நுண்ணோக்கிகள்தாம் எங்கள் வகுப்பை மாற்றின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் அவர்களும் ஜிம் சிபுல்ஸ்கி அவர்களும் உருவாக்கிய ‘ஃபோல்ட்ஸ்கோப்’ அது. உதிரிப் பாகங்களின் செலவு ஒரு டாலருக்கும் குறைவாக இருக்கும்படி திட்டமிட்டு, அதன் வடிவமைப்பை 2014இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். தடித்த தாளை மடித்து, நடுவில் ஒரே ஒரு சிறு கண்ணாடி உருண்டையை வில்லையாகப் பொருத்தினால், ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. கைபேசியின் கேமரா மீது காந்த வளையத்தால் ஒட்டிவிட்டால், ஒருவர் பார்ப்பதை அறுவர் சேர்ந்து பார்க்கலாம். கம்பியால் புரொஜெக்டரில் இணைத்தால் வகுப்பே பார்க்கலாம். ஒற்றை வில்லை என்ற இந்த முறை புதிதன்று. 1670களில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக் அப்படிப்பட்ட ஒற்றை வில்லைக் கருவியால்தான் ஏரி நீரின் நுண்ணுயிர்களைக் கண்டார். இதைச் சொன்னதும், சிக்பேட்டைத் துணிக்கடையில் தந்தை வேலை செய்யும் மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை.

மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயாவுக்கு அடுத்த நன்றி. கைபேசியைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருந்தது. ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியம் ஓடுகிறதா, பிடித்தவன் கை நடுங்குகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து மிஞ்சிய ஒட்டுப்பலகையை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய உயரத்தில் தாங்கிகளைச் செய்து கொடுத்தீர்கள். “பசங்க மேல விழுந்தாலும் அடிபடக் கூடாது” என்று நான்கு மூலைகளையும் உருட்டிவிட்டிருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் திரையில் படம் நின்றது.

வைக்கோல் ஊறிய நீரில் பாரமீசியம் உடலைச் சுற்றியுள்ள மயிர்போன்ற குறுயிழைகளை அசைத்துக்கொண்டு திரையைக் கடந்த அன்று, அதுவரை ஒரு சொல் பேசாத வகுப்பு எழுந்து நின்றது. ‘மிஸ், திரும்புது’, ‘மிஸ், முட்டிக்கிட்டு பின்னாடி போகுது’ என்று தமிழிலும் கன்னடத்திலுமாக ஒரே நேரத்தில் பேசினார்கள். அசைபடத்தில் இதைவிடத் தெளிவான பாரமீசியத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இது அவர்களே ஒரு வாரம் ஊறவைத்து, நாற்றம் பொறுத்து, சொட்டெடுத்து வைத்தது.

அடுத்துத் திருவள்ளுவர் சிலைக்கு அருகிலுள்ள எங்கள் ஏரியிலிருந்து, கையுறை அணிந்து, பெரியவர்கள் துணையோடு ஒரு குப்பி நீர் எடுத்து வந்தோம். பச்சைப் பாசி இழைகளுக்கு நடுவே சக்கரம் சுழல்வதுபோன்ற வாயுடைய ஓர் உயிரி தெரிந்தது. ஏதோ பூச்சியின் லார்வா என்று நான் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வந்திருந்த ஆராய்ச்சி மாணவரான தம்பி, பிள்ளைகள் முன் என்னைத் திருத்தாமல், வகுப்பு முடிந்த பின் தனியே வந்து, அது ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்கு என்றும், அது முழு வளர்ச்சி பெற்ற உயிரி என்றும் விளக்கினார். அந்தப் பண்புக்கு நன்றி, தம்பி. திங்கட்கிழமை வகுப்பில் என் தவற்றை நானே சொல்லித் திருத்தினேன். அதே நாளில் 2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைப் பற்றியும் பேசினோம். கழிவுநீர் சேரும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது என்பதை அவர்கள் கேட்ட விதமே வேறாக இருந்தது. பேச்சு அவர்கள் அன்றாடம் கடந்துவரும் நீரைப் பற்றியது.

மர்பி டவுனில் வசிக்கும் அம்மா ஒருவருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை எந்தச் சொல்லில் சொல்வதென்று தெரியவில்லை. காவிரி நீர் தினமும் வராத தெருக்களில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. உங்கள் மகள் மொட்டைமாடி டிரம்மிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். வலைத்துணியால் பாட்டிலின் வாயைக் கட்டி, கைபேசியை எதிரே நிறுத்திப் பார்த்தோம். கொசுப்புழுக்கள் நீர்ப்பரப்பிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வால்புறக் குழாயால் மூச்சு வாங்கின. மலேரியா பரப்பும் அனோஃபிலிஸின் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். சாய்ந்து தொங்குபவற்றில் டெங்கு பரப்பும் ஏடிஸும் உண்டு. முட்டை கொசுவாகப் பறக்க எட்டு முதல் பத்து நாட்கள் போதும் என்பதால், வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து தேய்த்தால் சுழற்சி அறுந்துவிடும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். பிறர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று கூசாமல், உங்கள் வீட்டு டிரம்மை வகுப்புக்குப் பாடமாகக் கொடுத்தீர்கள். மறுவாரம் உங்கள் தெருவில் பதினோரு டிரம்களைக் கவிழ்த்துத் தேய்த்தார்கள் என்று மகள் வந்து சொன்னாள். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடைத்தாள் அது.

அழகு நிலையம் நடத்தும் சகோதரி கொடுத்த நிறமற்ற நகப்பூச்சு செம்பருத்தி இலையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் தடவி, காய்ந்த பின் உரித்தெடுக்கப் பயன்பட்டது. உரித்த படலத்தில் இலைத்துளைகளின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அடிப்புறத்தில்தான் துளைகள் மிகுதி என்பதைப் பிள்ளைகள் எண்ணிக் கண்டார்கள். கன்னட ஆசிரியை அவர்கள் அன்று பலகையில் மூன்று மொழிகளிலும் அந்தச் சொல்லை எழுதினார். கன்னடத்தில் ‘பத்ரரந்த்ர’ என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லை நெட்டுருப் போட்ட பிள்ளைகளுக்கு, ‘இலையில் உள்ள துளை’ என்று இரு மொழிகளும் நேராகவே சொல்வது வியப்பாக இருந்தது. வாரந்தோறும் இப்படிச் சொற்பட்டியல் எழுதித் தந்ததற்கு நன்றி, மேடம்.

கைபேசி ஒன்றே ஒன்றும் அச்சிட்ட அட்டைகளும் இருந்தால் போதும் என்பதால் ‘பிளிக்கர்ஸ்’ முறையையும் பின்பற்றினோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் வேறுபட்ட கட்டக்குறியுள்ள அட்டை இருக்கும். அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுவே விடை. நான் கேமராவால் வகுப்பை ஒருமுறை வருடினால் எல்லோருடைய விடையும் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கை தூக்கவே அஞ்சும் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது அப்போதுதான். ‘செடிகள் எப்போது சுவாசிக்கின்றன?’ என்ற கேள்விக்கு, வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் ‘இரவில் மட்டும்’ என்று காட்டினார்கள். வாயால் கேட்டிருந்தால் முதல் வரிசையில் இருவர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். நானும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன்.

அந்தத் தவறான எண்ணத்தைக் களைய உதவியவர் கோயில் தெருவில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் தாத்தா. நீங்கள் காசு வாங்காமல் கொடுத்த சுண்ணாம்பை நீரில் கலந்து, தெளியவைத்து, மேல்நீரை வடித்தெடுத்தோம். முளைவிட்ட பச்சைப்பயறு ஒரு பாட்டிலிலும், வேகவைத்த பயறு மற்றொன்றிலும் இருந்தன. பகல் வேளையிலேயே, முளைப்பயறு வெளியிட்ட கரியமில வாயுவால் முதல் பாட்டிலின் சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்கியது. வேகவைத்த பயறு இருந்த பாட்டிலில் தெளிவாகவே இருந்தது. மறுநாள் அட்டைகளை மீண்டும் உயர்த்தச் சொன்னபோது மிகச் சிலரே பழைய விடையைக் காட்டினார்கள்.

இரவுக் காவலர் அண்ணா, உங்களுக்கு என் நன்றி தனியாக உண்டு. அவரை விதை முளைப்பதைப் படமெடுக்க, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் ஐந்து நாட்களுக்குக் கைபேசியை நிறுத்தினோம். மொத்தம் 720 படங்கள். நொடிக்கு 24 என்று ஓட்டினால் முப்பது நொடி. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போனபோது, யாரும் சொல்லாமலேயே உங்கள் டார்ச்சை மேசை மேல் நிறுத்திவைத்து, உங்கள் சொந்தப் பவர்பேங்கைக் கைபேசியில் செருகிவிட்டு, இருட்டில் சுற்றுக் காவல் பார்த்திருக்கிறீர்கள். அந்த நாளில்தான் பிள்ளைகள் கண்ணாடிக் குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். வேர் வளைந்து மீண்டும் தரையை நோக்கித் திரும்பும் அந்தச் சில நொடிகளை அவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அதில் வெளிச்சம் சற்று மஞ்சளாக மாறும் இடம் வரும்போது, ‘இது அங்கிள் டார்ச்’ என்று சொல்வார்கள்.

வகுப்பறைக்குள் கைபேசியா என்று எழுந்த கேள்விகளுக்கெல்லாம் தாமே பதில் சொல்லி, வாரம் ஒருநாள் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுத்த தலைமை ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. சோதனை என்பது நாற்பது நிமிடத்தில் முடியாது என்பதை நான் விளக்குவதற்கு முன்பே புரிந்துகொண்டீர்கள். மாவுப் புளிப்பில் ஈஸ்ட் பார்க்க இட்லி மாவு கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும், வெங்காயமும் வைக்கோலும் தந்தவர்களுக்கும், ஸ்லைடுகளைக் கழுவிக் காயவைத்த ஆயாம்மாவுக்கும் நன்றி.

ஜூனில் புதிய ஏழாம் வகுப்பு வரும். இரண்டு கைபேசிகளின் பேட்டரி உப்பத் தொடங்கியிருப்பதால் அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், தங்கை வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் சனிக்கிழமை வழக்கம்போல் ஏரி நீரோடு தொடங்குகிறோம். காலை பத்து மணிக்கு வாருங்கள். தாங்கியைச் செய்த ஐயாவும், சுண்ணாம்பு தந்த தாத்தாவும் இதுவரை ஒருமுறைகூடத் திரையைப் பார்த்ததில்லை. முன்வரிசையில் உங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

நன்றியுடன்,
ஏழாம், எட்டாம் வகுப்பு உயிரியல் ஆசிரியை