ஏ.பி.சி.டி. பாடினால் வாசிப்பு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டச் சபைகளிலிருந்து கோடை விடுமுறையில் நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் ஊழியத்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர்களின் ஆர்வத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக இருக்கிறது. எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி: ஏ.பி.சி.டி. சார்ட்டும் ஆங்கில வேதாகமமும் கொண்டுபோகிறார்களாம். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சார்ட்டை மாட்டிப் பாட்டாகப் பாடவைத்தால் மூன்றே நாளில் வகுப்பு முழுக்கப் பாடும். சபையில் காட்ட வீடியோவும் நன்றாக வரும். வரிசையைக் கலைத்து ஓர் எழுத்தை மட்டும் காட்டுங்கள். பாதிப் பேர் ஏ-யிலிருந்து மனதுக்குள் பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொல்வார்கள். எல்.எம்.என்.ஓ.பி. என்பதை ஒரே எழுத்து என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. பெரிய சிக்கல் வேறு. தமிழிலும் நேபாளியிலும் கம்போடியாவின் மொழியான கெமரிலும் எழுத்தின் பெயரைச் சொன்னாலே ஒலி கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் சி, ஏ, டீ என்று நூறு தரம் சொன்னாலும் 'கேட்' வராது. 26 எழுத்துதான், ஒலிகளோ ஏறத்தாழ 44. கற்பிக்க வேண்டியது ஒலியை. பெயர் பிறகு தானாக வரும்.

எழுத்தின் ஒலிகளைக் கூட்டி வாசிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறையில் முதல் ஆறு எழுத்து பெரும்பாலும் எஸ், ஏ, டீ, ஐ, பி, என். இந்த ஆறை வைத்தே ஸிட், பின், டிப், நிப், ஸ்பின் என்று இருபதுக்கு மேல் சொற்கள் கட்டலாம். வாரத்துக்கு நான்கு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. முன்பின் பார்க்காத சொல்லைப் பிள்ளை தானே கூட்டிச் சொன்னால்தான் அது வாசிப்பு. தி, வாஸ், ஸெட், ஒன் போல ஒலிக்கு அடங்காதவற்றை முழுச் சொல்லாகவே காட்ட வேண்டும், வாரம் ஐந்து போதும். கடைசி ஈ மௌனமாகி 'கிட்' 'கைட்' ஆகிற கதையெல்லாம் குறில் ஒலிகள் உறைத்த பிறகுதான்.

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒலிகளைக் கூட்டும் இடத்தில்தான். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டுவது நம் நாக்கின் பழக்கம்: பஸ்ஸு, கப்பு, பேட்டு. அதே நாக்கோடு 'பு-இ-னு' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை 'புயினு' என்றுதான் கூட்டும்; 'பின்' எங்கிருந்து வரும்? ஆகவே கூட்டிப் பழக, இழுக்கக்கூடிய ஒலியில் தொடங்கும் சொற்களை முதலில் எடுக்க வேண்டும்: எஸ், எம், என், எஃப். 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, மூச்சை விடாமல் 'இ'க்குள் நுழைந்து, கடைசியில் 'ட்' என்று வெட்ட வேண்டும். ப், ட், க் மூன்றையும் இழுக்க முடியாது. அவற்றை முதலில் சொல்லின் கடைசியில் வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது.

போகிற நாட்டின் நாக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் கடைசி மெய்க்குப் பின்னால் உகரம் சேர்க்கிறோம். கெமர் பேசும் பிள்ளைகள் கடைசி மெய்யையே பாதி விழுங்கிவிடுவார்கள். அங்கே பாடுபட வேண்டியது முடிவில்தான். நேபாளியில் எழுத்தில் மூன்று ச வகை இருந்தாலும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றே, அதனால் கப்பலுக்கான 'ஷிப்'பும் உறிஞ்சுவதற்கான 'ஸிப்'பும் குழம்பும். மிருகக்காட்சிச் சாலைக்கான சொல் நம் வாயிலும் 'ஜூ', அவர்கள் வாயிலும் 'ஜூ'. அங்கே யார் யாரைத் திருத்துவது? தாய்மொழியிலேயே இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு முதலில் அதைத்தான் கற்பிக்க வேண்டும், அதை உள்ளூர் ஆசிரியர்தான் செய்ய முடியும்.

இனி வேதாகமம். அதன் மேல் உள்ள பக்தி வேறு, அதை முதல் வாசிப்பு நூலாக வைப்பது வேறு. ஆதியாகமத்தின் முதல் வசனம் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் பத்தே சொல். அதில் ஈ-ஏ என்ற எழுத்து ஜோடி மூன்று இடத்தில் வருகிறது: கிரியேட்டட், ஹெவன், எர்த். மூன்றிலும் மூன்று ஒலி. ஒன்றில் இரண்டு எழுத்தும் தனித்தனியாக ஒலிக்கும், அடுத்ததில் குறில் எகரம், மூன்றாவதில் ஆர்-ஓடு சேர்ந்து வேறொன்று. ஆறு எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் மனப்பாடம் செய்யும். வசனம் ஒப்பிக்கும், அடுத்த பக்கத்தைத் திருப்பினால் திகைக்கும்.

இதில் நம் ஊருக்கே ஒரு முன்னோடி இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, சொல்லிக்கொடுக்கும் முன் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். அதே நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தேர்ந்த பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையோடு சேர்த்து 1797-இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல் தட்டு வந்தது அப்படித்தான்.

மணல் தட்டை இன்றும் பயன்படுத்தலாம், செலவே இல்லை. ஓரம் உயர்ந்த ஒரு தட்டு, சலித்த காய்ந்த மணல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு. அதற்கு மேல் போட்டால் கோடு சரிந்து மூடிவிடும். குறைந்தால் விரல் தட்டின் அடியில் வழுக்கும். ஈரம் பட்டால் கட்டி கட்டியாகும், வெயிலில் காயவைத்து மறுபடி சலிக்க வேண்டும். மணல் இல்லாத இடத்தில் ரவை, தூள் உப்பு எதுவும் ஆகும். ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதுவது முக்கியம். வாய் மூடி எழுதினால் அது கோலம் போடுவதுதான்.

பதினைந்து நாளில் யாரையும் வாசிக்க வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பிலிப்பைன்ஸில் மரனாவ் மக்களிடையே 1930 முதல் எழுத்தறிவுப் பணி செய்த அமெரிக்க மிஷனெரி ஃபிராங்க் லாபாக், ஆங்கிலத்தில் அல்ல, அவர்கள் மொழியில்தான் தொடங்கினார். மிஷன் பணம் வற்றி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர முடியாமல் போனபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்கும் வழக்கம் அங்கே பிறந்தது. பதினைந்து நாளில் செய்யக்கூடியது அந்த மாதிரி வேலைதான். மூன்று நாள் வெறுமனே கவனியுங்கள். பிறகு உள்ளூரில் தங்கப்போகும் இரண்டு பேரைப் பழக்குங்கள், அவர்கள் எட்டுப் பத்துப் பிள்ளைகளை வைத்து அரை மணி வகுப்பு எடுப்பதைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். எழுத்து அட்டைகளை விட்டுவிட்டு வாருங்கள். 44 ஒலிகளையும் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம் என்பதால் பலர் அலட்சியமாகப் போகிறார்கள். அந்நாட்டின் 2015 அரசியல் சட்டம் மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. குற்றவியல் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவருக்கு அதன் பின் நாடு கடத்தல். கம்போடியாவில் வீடு வீடாகப் போய் மதப் பிரசாரம் செய்யத் தடை இருக்கிறது. ஆங்கில வகுப்பு என்று பிள்ளைகளை அழைத்துவிட்டு நடுவில் ஜெபத்தையும் சாட்சியையும் நுழைத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும் அல்ல, ஊரைவிட்டுப் போக முடியாத உள்ளூர் விசுவாசியும்தான். பெற்றோரிடம் மறைத்துச் செய்வது எந்த நாட்டுச் சட்டமானாலும் சரியில்லை. ஆராதனையைத் தனி நேரத்தில், தனி இடத்தில், வர விரும்புகிறவர்களுக்கு நடத்துங்கள்.

பயணச்சீட்டு எடுக்கும் முன் ஒவ்வொரு குழுவும் ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்ளலாம். வாணலி, பேனா, குண்டூசி மூன்றின் படத்தையும் மேசையில் வையுங்கள். ஒருவர் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களை (பேன், பென், பின்) கலந்து கலந்து பத்துத் தடவை சொல்லட்டும், மற்றவர்கள் படத்தைத் தொட்டுக் காட்டட்டும். வாணலியும் பேனாவும் ஒன்றுபோலக் கேட்டால் பிழை சொல்பவரிடம்தான். பத்தில் எட்டுத் தடவையாவது தேறாதவர் அடுத்த கோடைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பொறையார்.