விமான நிலையங்களின் சங்கத்துக்கு: அந்த மதிப்பெண் தாளை எங்களுக்கும் காட்டுங்கள்

ஏர்போர்ட்ஸ் கவுன்சில் இன்டர்நேஷனல் அமைப்பின் ஆசிய-பசிபிக், மத்தியக் கிழக்குப் பிரிவு நிர்வாகிகளுக்கும், டெல்லியில் இருக்கும் தனியார் விமான நிலைய நடத்துநர் சங்கத்தாருக்கும் சென்னையிலிருந்து வணக்கம். பயணிகளிடம் கேட்டு விமான நிலையங்களுக்குக் கவுன்சில் போடும் மதிப்பெண்களை எங்களுக்கும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஹாங்காங்கில் பிரிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை யாராவது படித்துச் சொல்லக்கூடும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மீனம்பாக்கம் வழியாகப் போய்வருகிறவர்கள் படித்தால் போதும்.

உங்களை இங்கே யாருக்கும் தெரியாது. கோயம்பேட்டில் காய்கறி வியாபாரிகளுக்குச் சங்கம் இருப்பது போல விமான நிலையங்களுக்கும் ஒரு சங்கம் உண்டு என்று சொன்னால், "அதுக்கெல்லாமா சங்கம்?" என்பார்கள். ஆனால் விமான நிறுவனங்களுக்கு ஐயாட்டா இருக்கும்போது, ஓடுபாதையும் முனையமும் வைத்திருப்பவர்களுக்கும் குரல் வேண்டும்தானே. அதற்காக 1991-ல் உங்கள் கவுன்சில் உருவானது. உலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இருக்கும் மாண்ட்ரீலிலேயே உங்கள் தலைமையகமும் இருக்கிறது. சென்னையை நடத்தும் இந்திய விமான நிலைய ஆணையம் உங்கள் உறுப்பினர். ஆக, எங்கள் ஊர் ஏர்போர்ட்டுக்காகவும் நீங்கள்தான் பேசுகிறீர்கள். பேசுங்கள், அதில் தப்பில்லை. யார் பணத்தில் பேசுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

விமான டிக்கெட்டின் கட்டணப் பிரிப்பைத் திறந்து பாருங்கள். அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே பாதுகாப்புக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அது விமான நிலையத்துக்குப் போவதில்லை, பாதுகாப்புச் செலவுக்குப் போகிறது. அதை ஒட்டி வரும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் விமான நிலையத்துக்குப் போகும் பணம். அது எவ்வளவு என்பதை 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தீர்மானிக்கிறது. தீர்மானிக்கும் முன் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. தலையணை தடிமனில் இருக்கும் அந்த ஆங்கில அறிக்கைக்கு விமான நிறுவனங்களின் சங்கம் வரிக்கு வரி பதில் எழுதுகிறது. விமான நிலையங்களின் சங்கமும் எழுதுகிறது. இரண்டு பக்கமும் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டுகிறவன் அந்த நேரத்தில் குரோம்பேட்டையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பான். கருத்துச் சொல்ல அவனுக்கும் உரிமை உண்டு, காகிதத்தில்.

அந்தச் சண்டையின் நடுவில் இருப்பது ஒரு கப் டீ என்றால் நம்ப மாட்டீர்கள். நீங்கள் நம்புவீர்கள், உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடை வாடகை, பார்க்கிங், விளம்பரப் பலகை என்று விமானம் சாராத வருமானம் ஒன்று இருக்கிறது. நிலையத்தின் செலவிலிருந்து அது முழுவதையும் கழித்துவிட்டு மீதிச் செலவுக்கு மட்டும் பயணியிடம் வசூலியுங்கள் என்பது விமான நிறுவனங்களின் வாதம். முதலீடு செய்தவர்களுக்கு அதில் பங்கு இருக்க வேண்டும் என்பது உங்கள் வாதம். 2016-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கை நடுவில் ஒரு கோடு போட்டு, அந்த வருமானத்தில் 30 சதவீதத்தை மட்டும் கழித்தால் போதும் என்றது. ஹைபிரிட் டில் என்று நீங்கள் அழைப்பது இதைத்தான். அதாவது டீயும் பார்க்கிங்கும் வைத்து எங்களிடம் சம்பாதிக்கும் வருமானத்தில் பெரும்பகுதி எங்கள் கட்டணத்தைக் குறைக்க வராது. இதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் 2018-ல் சென்னை விமான நிலையத்தில் டீ 135 ரூபாய் என்று கேட்டு முன்னாள் நிதியமைச்சர் ப.சிதம்பரமே அதிர்ந்துபோய் ட்விட்டரில் எழுதினார். நிதியமைச்சராக இருந்தவருக்கே அப்படி! பிறகு நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்து, அரசு உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடைத் திட்டத்தைக் கொண்டுவந்து, 2025 பிப்ரவரியில் சென்னையில் பத்து ரூபாய்க்கு டீ கிடைத்தது. இடைப்பட்ட ஏழு வருஷத்தில் எந்தச் சங்கமாவது தன் உறுப்பினர்களைக் கூப்பிட்டு, குடிக்கிற டீக்கு ஒரு நியாயம் வையுங்கள் என்று சொன்னதாக என் கண்ணில் எதுவும் படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏர்போர்ட் சர்வீஸ் குவாலிட்டி என்று ஓர் ஆய்வு நடத்துகிறீர்கள். விமானம் ஏறப்போகிறவரிடம் கேட் அருகிலேயே படிவம் கொடுத்து, வரிசை, கழிப்பறைச் சுத்தம், வழிகாட்டிப் பலகை, ஊழியர் நடத்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்கிறீர்கள். நல்ல வேலை. டெல்லி, மும்பை தனியாருக்குப் போனபோது, இந்த வகை மதிப்பீட்டில் இவ்வளவு வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு. ஆனால் எங்கள் கண்ணில் படுவது விருது வாங்கியவர் பட்டியல் மட்டும்தான். எந்தக் கேள்விக்கு எந்த நிலையம் எவ்வளவு வாங்கியது என்ற முழு விவரம் ஆய்வில் பங்கேற்கும் நிலையங்களிடமே தங்கிவிடுகிறது. மதிப்பெண் போட்டவர்கள் நாங்கள். தாள் மட்டும் எங்கள் கைக்கு வராது.

கேட்டில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பதில் இன்னொரு குறையும் இருக்கிறது. சென்னையில் மக்கள் அதிகம் முணுமுணுப்பது வந்து இறங்கிய பிறகுதான். 2022 டிசம்பரில் பல அடுக்கு கார் நிறுத்தம் திறந்த பிறகு ஆப் டாக்ஸிகள் ஏற்றிக்கொள்ளும் இடம் அங்கே போய்விட்டது. இரண்டு பெட்டியோடு வரும் வயதான அம்மா லிஃப்ட் முன்னால் டிராலிகளின் பின்னே நிற்கிறார். போனில் டிரைவர் "எந்தத் தளம், எந்தத் தூண்கிட்ட நிக்கிறீங்க?" என்கிறார். அந்த அம்மா தூணைத் தேடுகிறார். புறப்பாட்டு கேட்டில் நிரப்பும் படிவத்தில் இவருக்கு ஏது இடம்? அப்புறம் அந்த ஃபால்ஸ் சீலிங் கதை. 2013-ல் திறந்த முனையங்களில் கூரைத் தகடும் கண்ணாடியும் எத்தனையாவது தடவை விழுந்தன என்று பத்திரிகைகள் எண்ணிக்கை போட்டுச் செய்தி எழுதின. ஊரே சிரித்தது. அந்த வருஷங்களில் சென்னைக்கு உங்கள் தாளில் என்ன மதிப்பெண் என்று ஊருக்குத் தெரியாது.

உங்களால் ஆகும் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையத்தின் வல்லுநர்கள் இன்னொரு நிலையத்துக்குப் போய்ப் பாதுகாப்பைப் பார்த்துக் குறை சொல்லும் அபெக்ஸ் திட்டம் உங்களுடையது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து ஓடுபாதை நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட வேண்டியதாயிற்று. 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். ஆற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதை போட்ட ஊருக்கு, கடலுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் விமான நிலையம் நடத்துகிறவர்களின் அனுபவம் எவ்வளவோ உதவும். சங்கம் என்றால் இதற்குத்தான் சங்கம்.

இப்போது எழுதக் காரணம், சென்னைக்குப் புது விமான நிலையம் திட்டமிட்டிருக்கும் பரந்தூர். ஏகனாபுரத்து மக்கள் நிலத்தைத் தர மாட்டோம் என்று வருஷக்கணக்கில் நிற்கிறார்கள். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. இன்னொரு பக்கம், அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகை விட்டுப் பணம் திரட்ட 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட சொத்துப் பணமாக்கல் பட்டியலில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை நான்கும் இருந்தன. எது எப்படி முடிந்தாலும் தமிழ்நாட்டில் உங்களுக்குப் புது உறுப்பினர்கள் வரலாம். புதுக் கட்டண விசாரணைகளும் வரும்.

அதற்கு முன் இரண்டு சங்கமும் இதைச் செய்யுங்கள். கட்டண உயர்வு கேட்டு ஆணையத்தின் முன் போகும் உறுப்பினர், முந்தைய ஐந்தாண்டின் ஆய்வு மதிப்பெண்ணைக் கேள்வி வாரியாக மனுவோடு இணைக்க வேண்டும் என்று உங்கள் விதியில் சேர்த்துவிடுங்கள். வந்து இறங்குகிறவரின் மதிப்பெண்ணும் அதில் இருக்கட்டும். கூடவே, அந்த ஊர் மொழியில் நாலு பக்கச் சுருக்கம் ஒன்று: என்ன கேட்கிறோம், எதற்கு, ஒரு டிக்கெட்டுக்கு எவ்வளவு கூடும். சென்னைக்கான தாளை மீனம்பாக்கம் மெட்ரோ ஸ்டேஷன் சுவரில் ஒட்டினாலும் சரி, நின்று படிக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் தவறாமல் கட்டும் ஒரு சென்னைவாசி