கவுண்டரில் நிற்பவர்களுக்கு: பச்சை ஒயரையும் சேர்த்து வெட்டிக் கொடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், கவுண்டரில் நின்று ஒயர் வெட்டிக் கொடுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் நீடாமங்கலம் பக்கத்து வயர்மேன். உங்களில் சிலரிடம் கடன் கணக்கும் வைத்திருப்பவன். புரட்டாசி பாதி கழிந்துவிட்டது. அடைமழை பிடிப்பதற்குள் ஓடு மாற்றுவதும், விரிசல் பூசுவதும், தீபாவளிக்கு வெள்ளையடிப்பதும் ஊரெல்லாம் ஆரம்பித்தாயிற்று. வெள்ளையடிக்க சுவிட்ச் பெட்டியைக் கழற்றுகிறவர், கழற்றியது கழற்றியாயிற்று, அப்படியே ஒரு பிளக் பாயின்ட் கூட வைத்துவிடலாமே என்று நினைக்கிறார். நேரே உங்கள் கடைக்குத்தான் வருகிறார். அதனால்தான் மின்வாரியத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். வாரியம் ஒட்டும் எச்சரிக்கை நோட்டீஸை நின்று படிப்பவர் குறைவு. "அண்ணே, இதுக்கு எந்த ஒயரு போடலாம்?" என்று உங்களிடம் கேட்காமல் போகிறவரும் குறைவு.

வீட்டுக்காரர் எதையும் தொடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அறுப்பு நேரத்தில் ஒரு ஹோல்டர் மாற்ற எந்த வயர்மேனைக் கூப்பிட்டாலும் "நாளைக்கு வர்றேன்" என்பதுதான் பதில். அந்த நாளை எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டமே இதற்கு இடம் விட்டிருக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலும், அதன் பிறகு 2010-ல் மத்திய மின்சார ஆணையம் போட்ட விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்த விதிகளிலும், லைசென்ஸ் இருப்பவர்தான் வயரிங் வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி இருந்ததற்குப் பதில் இன்னொன்று மாட்டுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இதைவிடத் தெளிவாக யாரும் கோடு போட முடியாது. உள்ளதை மாற்றினால் அவரே செய்யட்டும். இல்லாததைச் சேர்ப்பதாக இருந்தால் ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். கவுண்டரில் "பழசை மாத்துறீங்களா, புதுசா இழுக்குறீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

மாற்றுகிற வேலையில் தாராளமாக உதவி செய்யுங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்று வந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். பழசைக் கழற்றி எடுத்துவரச் சொல்லி, அதில் போட்டிருக்கும் அளவே கொடுங்கள். சீலிங் ஃபேனுக்குச் சாதாரணமாக 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். வேகமாக ஓடட்டும் என்று பெரிசு கேட்பவர்களும் உண்டு. உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் காயில் சூடாகும் என்று சொல்லி மறுத்துவிடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் அது பேரிங், கெப்பாசிட்டர் விற்றுப் பிரயோஜனமில்லை.

ஆனால் ஹோல்டர் விற்றாலும் கெப்பாசிட்டர் விற்றாலும் பாக்கி சில்லறையோடு சேர்த்து ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: மெயினை ஆஃப் பண்ணினால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ண வேண்டும். நம் பக்கத்தில் இன்வெர்ட்டர் இல்லாத மாடி வீடு அபூர்வம். மெயினை இறக்கிவிட்டு ஸ்டூலில் ஏறுகிறார். மெயின் இறங்கிய அடுத்த நொடியே பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட் அந்த ஃபேன் லைனுக்கு வந்துவிடுகிறது. சுவிட்சை அணைத்திருக்கிறேனே என்பார். பழைய வீடுகளில் சுவிட்சை, கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் மாட்டியிருக்கும். அணைத்தாலும் ஹோல்டரில் கரண்டு இருக்கும். டெஸ்டரை முதலில் கரண்டு உள்ள பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் இரண்டு முனையிலும் வைக்க வேண்டும். எரியாத டெஸ்டரை நம்பி கை வைப்பதைவிட டெஸ்டரே இல்லாமல் இருப்பது மேல்.

இனி பச்சை ஒயர், அதாவது எர்த் ஒயர்.

"ரெண்டரை ஒயரு, செவப்பு பத்து மீட்டரு, கருப்பு பத்து மீட்டரு." ரெண்டரை என்றால் ரெண்டரை ஸ்கொயர், அதாவது செம்பின் குறுக்களவு ரெண்டரை சதுர மில்லிமீட்டர். தம்பி சுருளை இழுத்து, மேசை விளிம்பில் அடித்த ஆணிக்கும் ஆணிக்கும் அளந்து, இரண்டையும் வெட்டிச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கிறார். எதற்கு என்று கேட்டால் கிரைண்டருக்கு. இல்லாவிட்டால் ஃபிரிட்ஜுக்கு, மோட்டாருக்கு. தகர உடம்புள்ள சாமான் எல்லாவற்றுக்கும் எர்த் வேண்டும். மூன்று பின்னில் எர்த் பின்னை நீளமாகவும் தடிமனாகவும் வைத்திருப்பதே, குத்தும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பின் போய் நுழையும் சாக்கெட்டின் பின்னால் ஒயரே இல்லையென்றால் அத்தனை யோசனையும் வீண். ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து மாவு தள்ளுகிறவர் வீட்டுப் பெண்மணி. உள்ளே காயில் கசிந்து உடம்புக்குக் கரண்டு வந்தால், எர்த் ஒயர் வழியே போக வேண்டியது அவர் வழியே போகும். 2011-லிருந்து அரசாங்கம் கொடுத்த இலவச கிரைண்டர் வந்து இறங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு பல்பு, ஒரு ஃபேனுக்கென்று என்றோ இழுத்த வயரிங்தான் என்பது என் அனுமானம். யாரையும் குறை சொல்லவில்லை. சிவப்பும் கருப்பும் கேட்டால் பச்சையும் வெட்டி வைத்துவிட்டுப் பிறகு பில் போடுங்கள். வேண்டாம் என்றால் அவரே எடுத்து வைக்கட்டும்.

பச்சை போய்ச் சேரும் இடம் அடுத்த பிரச்சினை. முன்பு கை பம்பின் இரும்புக் குழாயில் கட்டிவிட்டுப் போவார்கள். இப்போது போர்வெல் எல்லாம் பி.வி.சி. குழாய். அதில் கட்டிய எர்த் பந்தல்காலில் கட்டியதற்குச் சமம். முறையாகக் குழி எடுத்து, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்ட வீட்டிலும் கோடையில் சந்தேகம்தான். வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி ஜூன் 12-ல் திறப்பதற்குள் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். காய்ந்த மண் கரண்டை இழுக்காது. மாசியிலிருந்து வைகாசி வரை எர்த் குழியில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் வேறு கதை. உப்புக் காற்றிலும் உப்பு மண்ணிலும் கிளாம்ப் துரு ஏறி ஒயர் தனியே நிற்கும். அங்கே வருஷம் ஒரு முறை குழி மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் கரண்டு போனால் தானே விழும் சுவிட்ச், விற்பதில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. "16 போட்டா விழுந்துகிட்டே இருக்கு, 32 குடுங்க" என்று வருகிறவருக்கு மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் ஒயரை. ஒன்றரை ஸ்கொயர் ஒயர் ஓடும் லைனில் 32 ஆம்பியர் வைத்தால் எம்.சி.பி. விழாது, ஒயர் உருகும். தண்ணீர் காய்ச்சும் 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகி, அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியையும் ஓட்டுகிறார்கள். அவருக்கு வேண்டியது பெரிய எம்.சி.பி. இல்லை, தனி ரெண்டரை லைன். அது புதிதாகச் சேர்க்கும் வேலை, ஆள் வர வேண்டிய வேலை. ஃபியூஸ் கேரியரில் செம்பு இழையை மூன்றாக முறுக்கிக் கட்டுவதும் இதே ரகம்தான். அதற்காகவே சில கடைகளில் துண்டு ஒயரைச் சும்மா கொடுக்கிறார்கள். அந்தத் தர்மத்தை நிறுத்திவிடுங்கள்.

எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது, அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு சிறு பங்கு யார் உடம்பு வழியாகவாவது தரைக்குப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். விற்ற ஒரு வாரத்தில் அது உங்களிடமே திரும்பி வருவதும் எனக்குத் தெரியும். "ஓயாம விழுது, டூப்ளிகேட் போல" என்பார்கள். பெரும்பாலும் சரக்கு நல்லதாகவே இருக்கும். இன்வெர்ட்டர் லைனின் பேஸ் (கரண்டு வரும் ஒயர்) ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே பிரிந்து போயிருக்கும், நியூட்ரல் மட்டும் அதன் வழியாகத் திரும்பும். கணக்கு ஒத்துவராமல் விழுகிறது. அல்லது மழை ஊறிய சுவரில் ஏதோ ஒரு பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும். கரையான் அரித்த மரப்பெட்டியில் இது சகஜம். வாங்கி வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிட, இன்வெர்ட்டர் நியூட்ரலைப் பிரித்துக் கட்டச் சொல்லி அனுப்புங்கள். பைபாஸ் பண்ணிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, மாதம் ஒரு தரம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் விழாவிட்டால் அப்போது மாற்றிக் கொடுங்கள்.

துணி காயப்போடக் கம்பி கேட்பவருக்கு நைலான் கயிறு கொடுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்கும் கம்பியிலோ, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலோ கொடி கட்டி, மழை நாளில் ஈரத்துணி போடப் போய் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. அறுந்து கிடக்கும் சர்வீஸ் ஒயரை எவரும் தொட வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதைக் கடைக் கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டலாம்.

கடைசியாக, மற்ற எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்த ஊர்கள் நம்முடையவை. தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது, வீடுகளுக்கும் வந்தது. புயல் செய்தி வந்தாலே இரண்டு பக்கமும் பிளக் டாப் மாட்டிய ஒயர் கேட்டு இப்போதும் ஆள் வருகிறார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டுச் சுவர் சாக்கெட்டில். செருகாத முனையின் பின் வெளியே நீட்டிக்கொண்டு 230 வோல்ட்டோடு நிற்கும். அது அந்த வீட்டு ஆபத்து. மெயினை இறக்க மறந்தால் கரண்டு சர்வீஸ் ஒயர் வழியே வெளியேறி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும், அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று எண்ணி, வேறு மாவட்டத்திலிருந்து நமக்காக வந்த லைன்மேன் ஒருவர் அங்கே கம்பத்தின் மேல் இருப்பார்.

அந்த ஒயரை எந்த விலைக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள். கேட்பவரிடம் சேஞ்ச் ஓவர் சுவிட்சை எடுத்துக் காட்டுங்கள். அதில் ஒரு பக்கம் போட்டால் மறு பக்கம் தானே கழன்றுவிடும். தீபாவளி ஆர்டர் போடும்போதே நாலைந்து சேர்த்துப் போட்டு வையுங்கள். அதை எப்படி மாட்டுவது, இன்வெர்ட்டர் நியூட்ரலை எப்படிப் பிரிப்பது என்று உங்கள் கடைத் தம்பிகளுக்கு ஒரு பலகையில் கட்டிக் காட்ட ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வரத் தயார். டீ வாங்கிக் கொடுத்தால் போதும். பழைய பாக்கியை மட்டும் அன்றைக்குக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்து வயர்மேன் ஒருவன்