முதலில் நிறுத்துமிடம், பிறகு ஸ்கூட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரங்களில் செல்பேசிச் செயலி வழியே வாடகைக்கு விடப்படும், பலகையில் நின்றபடி ஓட்டும் பகிர்வு மின் ஸ்கூட்டர்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை வண்டிகள், எத்தனை நிறுவனங்கள், எவ்வளவு வேகம் என்றெல்லாம் விரிவாக அலசியவர், ஓட்டி முடித்தவர் வண்டியை எங்கே விட்டுச் செல்வார் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். என்னைக் கேட்டால், திட்டமிடுதல் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மனைவிக்குப் பார்வை கிடையாது. வெள்ளைக்கோலைத் தட்டியபடிதான் நடப்பார். சுவரும் கம்பமும் கோலில் முன்னதாகவே தட்டுப்பட்டுவிடும். நடைபாதையின் குறுக்கே விடப்பட்ட ஸ்கூட்டர் அப்படியல்ல. கோலின் நுனி மிதிபலகைக்கு அடியில் நழுவிவிடுகிறது. என்னவென்று தெரிவதற்குள் பலகையின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடிக்கிறது. நேற்று வழியாக இருந்த இடத்தில் இன்று வண்டி கிடப்பதால், பழகிய தெருவும் அவருக்குப் புதுத் தெருவாகிவிடுகிறது.

பாரிஸ் நகரத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2018இல் ஸ்கூட்டர்கள் வந்தன. விதிகள் பின்னால் வந்தன. 2020இல் நிறுவனங்களை மூன்றாகக் குறைத்து, மொத்தம் 15,000 வண்டிகள் என்று வரம்பு கட்டி, நிறுத்துமிடங்களையும் ஒதுக்கினார்கள். அதற்குள் மக்கள் மனம் கசந்திருந்தது. 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் வந்தவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவதற்குள் வாடகை ஸ்கூட்டர்கள் அகற்றப்பட்டன. குறுகிய தூரத்துக்கு நல்லதொரு வாகனம், வந்த முறையால் கெட்டது. எனக்கு அதில் வருத்தமே.

வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று செயலியின் வரைபடத்தில் எல்லை வரைந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே இருப்பதே அந்தச் சில மீட்டர்தான்! தரையில் வண்ணக் கோடு வேண்டும்; அதுவும் நடைபாதையில் அல்ல, சாலையோரத்தில். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து ஸ்கூட்டர்கள் நிற்கும். தெருமுனையில் அந்த இடத்தை ஒதுக்கினால், சாலையைக் கடப்பவரை மறைக்கும் காரும் அங்கிருந்து விலகும். இரண்டு மூன்று நிமிட நடையில் ஒரு நிறுத்துமிடம் என்று நகராட்சி குறித்து முடித்த பிறகே உரிமம் தரட்டும். கட்டணம், பேட்டரி மாற்றுதல் போன்றவற்றை ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் உரிம நிபந்தனையாக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியிலும் வண்டி எண்ணும் புகார் எண்ணும் பிரெயில் எழுத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை அப்படி அடிபட்ட என் மனைவி, புகார் சொல்வதற்காக அந்த வண்டியைக் கைப்பிடி முதல் சக்கரம் வரை தடவிப் பார்த்தார். அது யாருடைய வண்டி என்று அவரால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்