பாகப்பிரிவினையில் இல்லாத அத்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வம்சப் படத்தைப் பிரிண்ட் எடுத்துத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். என் பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டு என் தாத்தாவைத் தேடியிருக்கிறாய். எப்படிக் கிடைப்பார்? நீ தேடிய ஃபேமிலிசர்ச் என்கிற வம்சம் தேடும் இணையதளம் இலவசம்தான், பெரிய களஞ்சியம்தான். ஆனால் என் பெயர் உனக்குத்தான் இனிஷியல், எனக்கு மேலே அது ஏறாது. நமக்கு ஊரும் தகப்பன் பெயரும்தான் பிடி. அதிலும் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் இருப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்து நிற்கும், ஏமாந்துவிடாதே.

இன்னொன்று. கொள்ளுத்தாத்தா ஜாதகத்தில் சுக்கில வருஷம் என்று இருப்பதை 1929 என்று எழுதிவிட்டாய். தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் அல்லவா? டிரங்குப் பெட்டியில் அவர் பெயரில் பசலி 1341 கிஸ்தி ரசீது கிடக்கிறது. பசலி என்பது நிலவரிக் கணக்கு வருஷம். அதோடு 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும், ஜூலையில் தொடங்கும். ஆக, 1931. இரண்டு வயதிலா மனுஷன் நிலவரி கட்டினார்? 1869 என்று திருத்திக்கொள்.

அவர் காலமான பிறகு எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் 1937-இல் பதிவானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து நகல் வாங்கினேன். ஆன்லைனில் வில்லங்கம் பார்த்ததில் அவ்வளவு பழசு அகப்படவில்லை. பத்திர எண் தெரியாததால் பெயர் அட்டவணையில் கையால் தேடவேண்டியிருந்தது, மூன்று நடை. இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஊர், இன்ன வயது என்று மூன்று ஆண் பிள்ளைகளும் வரிசையாக இருக்கிறார்கள். ஒரே காகிதத்தில் இரண்டு தலைமுறை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் உன் அத்தை கல்யாணத்து மொய் நோட்டைப் புரட்டியபோது ஒரு வரி இடித்தது. பேராவூரணிப் பக்கத்து ஆள் ஒருவர், பதினொரு ரூபாய். அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை, நெருங்கிய உறவு செய்கிற மொய். யாரென்று உன் அத்தையைக் கேட்டேன். "நம்ம அத்தை மகன்டா" என்றாள், ஏதோ எனக்குத் தெரிந்தது மாதிரி.

எனக்கு ஓர் அத்தை இருந்திருக்கிறாள், பாப்பா. பத்திரத்தில் அவள் இல்லை. பாகம் கிடையாது, அதனால் பெயரும் கிடையாது. 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்திய பிறகுதான் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது, அதுவும் அப்போது கல்யாணம் ஆகாத மகளுக்குத்தான். அதன் பிறகும் எத்தனையோ பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான் ஆபீஸ் படி ஏறினார்கள். உன் அப்பன் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவன். வாரிசு யார் யார் என்று கேட்டால் பையன்களை மட்டும் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒருதரம்கூட "பெண் பிள்ளை இல்லையா?" என்று கேட்டதாக நினைவில்லை.

அதனால் பெண்களைத் தேட வேறு காகிதம் பார்: மொய் நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, தாய்மாமன் சீர் எழுதிய சீட்டு. குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டையும் பூசாரியிடம் கேட்டிருக்கிறேன், ஆனால் அதிலும் ஆண் தலைக்கட்டுதான் இருக்கும். சில குடும்பங்களில் மகளுக்கு மஞ்சள்காணியாக, அதாவது சீதனமாக, நிலம் எழுதிய பத்திரம் கிடைக்கும். நம் வீட்டில் இதுவரை அப்படி எதுவும் அகப்படவில்லை.

அந்த அத்தை பெயர் உன் அத்தைக்கு ஞாபகம் வரவில்லை. "சின்ன வயசுல பார்த்தது, மூக்குத்தி பெரிசா இருக்கும்" என்கிறாள். என்னிடம் பேசினால் பத்து நிமிஷத்தில் சலித்துக்கொள்கிறாள், உன்னிடம் என்றால் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை நம்மூர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடு. வலது காது மந்தம், சத்தமாகப் பேசு. எடுத்ததும் பெயரைக் கேட்காதே, கல்யாணத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று ஆரம்பி. ரெக்கார்ட் பண்ண மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா