"சொன்னேனே டீச்சர்"

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கும் பாலியல் தொல்லை பற்றிய பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போகிறோம் என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு அப்பா எழுந்து, "பொம்பளப் பிள்ளைங்களுக்குச் சரி, பசங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் நிதானமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, வீட்டில் உள்ள பெரியவர்கள் சேர்ந்து படியுங்கள். தாத்தா, பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த அப்பாவுக்கு. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 53 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள்தான் சற்று அதிகம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதில் குழந்தைகள்தான். "ஆம்பளப் பையன் அழலாமா" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், இப்படி ஒன்று நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வான்?

அடுத்தது, முகம் தெரியாத ஆள் பற்றிய பயம். இருட்டுச் சந்து, வெள்ளை வேன், மிட்டாய் கொடுக்கிறவன் என்று நாம் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். ஆனால் போலீஸில் பதிவாகும் குழந்தைப் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் சார், குடும்ப நண்பர். மாமா, சித்தப்பா, அண்ணன் என்று பிள்ளை உறவு சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள். பெரும்பாலும் பாசத்தில்தான் ஆரம்பிக்கும். கேம் விளையாட போன் கொடுப்பார், பரீட்சைக்கு உதவுவார், "நமக்குள்ள இருக்கட்டும்" என்பார். அம்மா அப்பாவுக்கும் அவர் மேல் நல்ல மரியாதை இருக்கும். பிள்ளையின் வாயை அடைப்பது அந்த மரியாதைதான்.

இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருபது வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, கணக்கு டியூஷனுக்குப் போகவே மாட்டேன் என்று திடீரென அடம்பிடித்தாள். அவள் அம்மா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் சேர்ந்து திட்டினேன். "அவர் எவ்வளவு நல்ல மனுஷன், ஊரே மதிக்குது, சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்றியா" என்று நான்தான் கேட்டேன். பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு, ஒரு நாள் மாலை தனியாக வந்து எல்லாவற்றையும் சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது, "அப்பவே ஏன்மா சொல்லல?"

"சொன்னேனே டீச்சர்" என்றாள்.

போக மாட்டேன் என்று அவள் அழுததுதான் சொன்னது. எனக்குத்தான் அது கேட்கவில்லை. அந்தக் குடும்பம் புகார் கொடுக்காமல் ஊரை விட்டுப் போனது. அந்த ஆள் அதன் பிறகும் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் வீட்டுக்கு வரும்போது ஒளிந்துகொள்வது, படுக்கையை நனைப்பது, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென மார்க்கில் சரிவது, காரணமில்லாத வயிற்றுவலி, எரிச்சல். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் திட்டுவதற்கு முன் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

"கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே" என்கிறோம். பயத்தில் உடம்பு மரத்துப்போவது பெரியவர்களுக்கே நடக்கும். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று பழக்கிய பிள்ளையிடம் இதை எப்படி எதிர்பார்க்க முடியும்? உடம்பில் காயம் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது. அந்த ஆளோடு பிறகும் சிரித்துப் பேசினாள் என்பதாலும் அது பொய்யாகாது. வீட்டில் எல்லோரும் அழுது கெஞ்சினால், சொன்னதையே "இல்லை" என்று மாற்றிச் சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு. "சும்மா டிரஸ் மேல தொட்டதுதானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்று சொன்ன ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பாலியல் நோக்கத்தோடு தொட்டாலே குற்றம். தொடாமல், போனில் ஆபாசப் படம் காட்டுவதும் பிள்ளையிடம் அப்படிப் படம் கேட்பதும்கூடக் குற்றம்தான்.

பிள்ளை சொன்னால் முதல் வார்த்தையில் கவனமாக இருங்கள். "நீ சொன்னது நல்லதுமா, உன் மேல எந்தத் தப்பும் இல்ல, நான் பாத்துக்கிறேன்." இது போதும். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அத்தை, பெரியப்பா ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். அந்த ஆளை எதிரில் நிறுத்தி விசாரிக்கவே வேண்டாம்.

ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. போக்சோ சட்டப்படி பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் வரக் கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரிதான் வர வேண்டும். வீட்டிலேயே, அல்லது பிள்ளை விரும்புகிற இடத்தில் வாங்கலாம். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளை என்றால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அம்மா கூடவே இருக்கலாம். கோர்ட்டில் குற்றவாளியின் முகத்தைப் பார்க்க வைக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போட முடியாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது, பணம் வாங்கிக்கொள்வது, அவனுக்கே கட்டி வைப்பது, இதெல்லாம் தீர்வே இல்லை. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு.

அப்புறம், பள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆசிரியர், அலுவலர், வேன் டிரைவர் யார் மீதும் புகார் வந்தால், "பள்ளிப் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசிக்கொள்ளலாம்" என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் மறைக்க மாட்டேன்.

குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, பிள்ளைகளே கூப்பிடலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகளின் டைரியில் முதல் பக்கத்தில் எழுத வைத்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்.

பையன்களுக்கான வகுப்பு வரும் புதன்கிழமை மூன்றாவது பீரியடில் நடக்கும். அன்று மாலை நான்கரை மணியிலிருந்து ஆறு வரை என் அறையில் இருப்பேன். தனியாகப் பேச நினைப்பவர்கள் ஆபீஸில் பெயர் கொடுக்காமலேயே நேராக உள்ளே வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை